இணையக் கடையும் நம் இளைஞரும்

தமிழாசிரியன் ஒருவன் வாணிகத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். விழா மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியதும் இஃதன்று. கல்லூரியின் தமிழ்ப் பணி குறித்து நான்கு பக்கம் எழுதித் தருமாறே அவர்கள் கேட்டனர். அப்பொருளை என்னினும் மூத்தோர் முன்னைய மலர்களிலே நன்கு எழுதியிருக்கின்றனர். மீண்டும் அதனையே எழுதினால் மலர் தடிக்குமேயன்றி எவர்க்கும் பயன் தாராது. ஆதலால், கடந்த சில ஆண்டுகளாக என் தங்கை வீட்டு விறாந்தையிலே கண்ணாரக் கண்டும் கைப்பொருள் இழந்தும் நான் அறிந்துகொண்ட ஒன்றைப் பற்றி எழுத அவர்களின் இசைவைப் பெற்றேன்.

என்னிடம் படித்து வெளியேறிய மாணாக்கருள் இணையக் கடை தொடங்கியவரென நான் அறிந்தவர் பதினொருவர். அக்கடைகளுள் இன்று திறந்திருப்பன மூன்றே. மூடியவர்களைக் காணுந்தோறும் காரணம் வினவியிருக்கிறேன். முதல் போதவில்லை என்பர். இணைய வேகம் போதவில்லை என்பர். வெளிநாட்டிலுள்ள நம்மவர் கைகொடுக்கவில்லை என்று மனக்கசப்போடு சொல்வாரும் உளர். இவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் முதற் காரணம் வேறென்பதே என் துணிபு. அவர்கள் கடையைக் கட்டினர், பொருளைச் சொல்லவில்லை. சொல்லாத பிழையிலே அவர்களுக்குத் தமிழ் கற்பித்த எனக்கும் பங்குண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது என் தங்கையின் கணவர் சந்தையிலே நடத்தி வந்த சிறு கடை மூடப்பட்டது. வீட்டிலே இடித்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, எள்ளுருண்டை, அயலிலுள்ள பெண்கள் பின்னிக் கொடுக்கும் பனையோலைப் பெட்டிகள் ஆகியனவே அவருடைய சரக்கு. இணையத்திலே கடை திறக்கலாமென்று முதலிற் சொன்னவன் நான். அதற்கென ஒரு தொகையை என் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவனும் நானே. கடையை அமைத்துத் தர ஒருவரைப் பிடித்தோம். அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. மூன்று கிழமைகளில் முடித்துவிட்டார். முகப்பிலே படங்கள் தாமாகவே நகர்ந்தன. ஒரு மூலையிலே பூ மலர்ந்து மறைந்தது. பார்த்தவரெல்லாம் புகழ்ந்தனர். பத்து மாதங்களில் வந்த கட்டளைகளோ இருபதுக்கும் குறைவு.

பதினோராம் மாதத்தில் ஒருநாட் காலை கடையே காணாமற் போயிற்று. கடையின் இணையப் பெயரை அமைத்தவர் தம் பெயரிலே பதிந்திருந்தார். ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த மறந்தாரோ, மறந்தவர் போல் இருந்தாரோ, அறியேன். தொலைபேசிக்கு விடையில்லை. பொதி உறைகளிலும் சீட்டுகளிலும் நாம் அச்சிட்டு வைத்திருந்த பெயர் நம்முடையதன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். காணியை வாங்குவோர் உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறதென்று மும்முறை பார்ப்பர். இணையப் பெயருக்கும் அப்பார்வை வேண்டும். ‘எல்கே’ என முடியும் பெயராயினும் பிற பெயராயினும் பதிவு கடைக்காரரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சல் முகவரியிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் அவர் கையிலே இருத்தல் வேண்டும். இதனை என் மாணாக்கருக்கு இப்பொழுது இலக்கண வகுப்பிலேகூடச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இழப்பு ஒருவகையில் நன்மையாயிற்று. பழைய பக்கங்களின் பிரதியொன்றை மருமகன் தன் கணினியிலே வைத்திருந்தான். இரண்டாம் முறை தொடங்குமுன் நாங்கள் எல்லோரும் அமர்ந்து அவற்றை வாசித்தோம். மிளகாய்த்தூளின் கீழ் நான் எழுதியிருந்தது இது: ‘சுத்தமான, சுகாதாரமான, தரமான யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்.’ ஒடியல்மாவின் கீழும் அவ்வாறே. எள்ளுருண்டைக்கும் அவ்வாறே. தங்கை சிரித்தாள்.

“அண்ணை, சுத்தம் சுத்தமெண்டு எல்லாரும்தான் எழுதீனம். எங்கட தூளிலை என்ன கிடக்கெண்டு எழுதுங்கோ” என்றாள்.

கட்டுரைப் பாடத்திலே வெற்றடைமொழிகளுக்குச் சிவப்புக் கோடிடுபவன் நான். ஆசிரிய கலாசாலையிலே எனக்கு அதைப் பழக்கினர். இருபதாண்டாக நான் பிறர்க்குப் பழக்கி வருகிறேன். என் தங்கையின் கடைக்கு நானே அத்தகைய மூன்றை அடுக்கி வைத்திருந்தேன். அன்றிரவு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. தனித்தனி வறுத்து இடித்தது. நிறம் கருஞ்சிவப்பு, செந்நிறமன்று. உறைப்பு மிகுதி, குழந்தைகளுக்கு ஆக்குவோர் வழக்கமான அளவிற் பாதி இடுக. நிறை 250 கிராம். இடித்த திகதி உறையின் பின்புறத்தில். உறையைப் பிரித்தபின் போத்தலில் இட்டு மூடிவைக்க. அணியும் இல்லை, எதுகையும் இல்லை. ஆயினும் நான் எழுதிய உரைநடையுள் மிகுந்த பயன் தந்தது அதுவே. ‘உறைப்பு மிகுதி’ என்று எழுதினால் வாங்குவோர் அஞ்சுவர் என்று மைத்துனர் தடுத்தார். அஞ்சுவோர் வாங்காதிருத்தலே நமக்கு நன்று. வாங்கிய பின்னர் முகஞ்சுளிப்பாரினும் வாங்காது போவார் மேல்.

நம் முன்னோர் தென்னிலங்கையின் சிற்றூர்கள் பலவற்றிலே சுருட்டுக்கடை வைத்து வாழ்ந்த வரலாற்றை முதிய வாசகர் அறிவர். வேற்றுமொழி பேசும் ஊரிலே அவர்கள் நிலைத்ததற்குக் காரணம் கடையின் அழகன்று. முதலாளியின் முகத்தை ஊரவர் நாடோறும் கண்டனர். நேற்று வாங்கிய பொருள் பழுதானால் இன்று அவ்வாயிலிலே வந்து நின்று கேட்கலாமென்பதை அறிந்திருந்தனர். இணையக் கடையிலே முகமில்லை. முகம் செய்த வேலையைச் சொல் செய்தல் வேண்டும். தொட்டுப் பார்க்கவும் மணந்து பார்க்கவும் இயலாத ஒருவர் மனத்திலே எழும் ஐயங்கள் எவை என்பதை முன்னுணர்ந்து, அவர் கேளாமலே விடை எழுதி வைப்பதுதான் இத்தொழிலின் பெரும்பகுதி. 1995ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம் கடை திறந்தபோது விற்றது நூல்களை மட்டுமே. நூலுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சொன்னாற் போதும். எந்தப் பிரதியும் ஒன்றே. மிளகாய்த்தூள் அப்படியன்று. வீட்டுக்கு வீடு வேறுபடும் பொருளை விற்பவர் நூல் விற்பவரினும் மிகுதியாகச் சொல்லக் கடமைப்பட்டவர்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இது என் துறைக்குள் வருவது. நம் நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ‘பாமினி’ எழுத்துரு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதிலே தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியலே. அங்ஙனம் தட்டிய பொருட் பெயரைத் தேடுபொறி எக்காலத்தும் கண்டெடுக்காது. எங்கள் முதற் கடையின் பாதிப் பக்கங்கள் அவ்வாறே இருந்தன. மற்றைப் பாதியிலே எழுத்துகள் படமாக ஒட்டப்பட்டிருந்தன. ‘ஒடியல்மா’ என்று உலகின் எம்மூலையிலிருந்து எவர் தேடினாலும் எங்கள் கடை அகப்பட்டிராது. ஒருங்குறியிலே எழுதுக என்பது இளைஞர்க்கு என் முதல் வேண்டுகோள். அடுத்தது, மக்கள் சொல்லும் பெயர்களையெல்லாம் எழுதுக என்பது. நாம் பனங்கட்டி என்போம். தமிழகத்தார் கருப்பட்டி என்பர். கனடாவிலே பிறந்த பிள்ளை ஆங்கில எழுத்திலே தட்டித் தேடும். மூன்றும் பக்கத்திலே இருக்கட்டும். தூய்மை பேசி ஒரு பெயரை மட்டும் நிறுத்துவது செய்யுளுக்குப் பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. ‘இணைய அங்காடி’ என்னும் வழக்கு நல்லதா என்று என்னைக் கேட்போருக்கு ஒன்று சொல்வதுண்டு: மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என இரண்டைக் கூறும்; இது இரண்டுமாய் இருத்தலால் அப்பெயர் தகும். எனினும் என் தங்கை கடை என்றே சொல்கிறாள்; நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

இனிப் பொதி. இங்கேதான் இளைஞர் பலர் கணக்கிலே தடுக்கி விழுகின்றனர். பனையோலைப் பெட்டி பஞ்சு போன்றது; ஆதலின் அனுப்புகூலி சிறிதாகுமென்று நாங்கள் நம்பினோம். அனைத்துலகத் தூதஞ்சல் நிறுவனங்களோ நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பொதியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 5000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோகிராமாகக் கொண்டு, உண்மை நிறை, கன நிறை என்ற இரண்டினுள் எது பெரிதோ அதற்கே கூலி வாங்குவர். 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட பொதி, உள்ளே ஒன்றரைக் கிலோகிராமே இருப்பினும், 7.2 கிலோகிராமாகவே கணிக்கப்படும். முதல் மூன்று பொதிகளிலே பெட்டியின் விலையையும் விஞ்சிக் கூலி கொடுத்தோம். பின்னர்ப் பின்னும் அம்மையாரிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒருகணமும் யோசியாது, “அப்ப அடுக்குப்பெட்டியா இழைச்சால் சரிதானே” என்றார். ஒன்றனுள் ஒன்று செல்லும் ஐந்து பெட்டிகள் இப்பொழுது முன்னர் ஒன்று சென்ற இடத்திலே செல்கின்றன. எந்த மென்பொருளும் எங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னதில்லை.

கூலியை எங்கே சொல்வதென்பதும் சிறு செய்தியன்று. பொருளின் விலை 600 ரூபா என முகப்பிலே காட்டி, பெயர், முகவரியெல்லாம் எழுதி முடித்த பின்னர்க் கூலி 400 ரூபா என்றால், வாங்க வந்தவர் ஏமாற்றப்பட்டதாகவே கருதுவார். கூடையிலே பொருளை இட்டபின் வாங்காது போவோர் நூற்றுக்கு எழுபதின்மர் அளவினர் என்று டென்மார்க்கிலுள்ள பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளது. இறுதியில் ஏறும் செலவே அதற்குரிய பெருங் காரணங்களுள் ஒன்றென்பதும் அதன் முடிபு. எங்கள் கடையிலே கூலி பொருளின் விலைக்கு அருகிலேயே நிற்கிறது. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையை உள்நாட்டிலே பலர் விரும்புவர். அது புதிதன்று; பழைய தபாற்கந்தோரின் வி. பி. பி. முறையே புதுச் சட்டையணிந்து வந்திருக்கிறது. கொழும்புக்குப் போன பொதியை வாங்காது திருப்பினால் போக்குக்கூலியும் வரவுக்கூலியும் விற்பவர் தலையிலேயே விழும். ஆதலால் அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியிலே பேசிவிடுகிறோம். அவ்வாறு பேசத் தொடங்கியபின் திரும்பி வரும் பொதி அரிதாயிற்று. காசட்டை வழிக் கொடுப்பனவுக்கு மத்திய வங்கியின் அநுமதி பெற்ற இடைநிலை நிறுவனங்கள் உண்டு. ஒரு பங்கைக் கழித்துக்கொள்வர். அப்பங்கை விலையிலே முன்னரே சேர்த்தெண்ணுதல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய உடன்படிக்கைகளுக்கு வலுவளித்திருத்தலின், ‘இணையத்திற் சொன்னது தானே’ என்று தட்டிக்கழிக்கவும் இயலாது.

பிறநாட்டுச் சுங்கம் வேறொரு தலையிடி. 22 யூரோவுக்குட்பட்ட இறக்குமதிகளுக்கு இருந்த பெறுமதிசேர் வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலை 1ஆம் திகதி நீக்கிற்று. 800 டொலருக்குட்பட்ட பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29ஆம் திகதி நிறுத்தப்பட்டது. பெறுபவர் வாயிலிலே எதிர்பாராத வரி கேட்கப்படுமாயின் அவர் சுங்கத்தை நோவதில்லை; கடையைத்தான் நோவார். எனவே, எந்நாட்டுக்கு அனுப்பமுடியாது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

மென்பொருள் எது சிறந்ததென்று மாணாக்கர் கேட்கின்றனர். இதிலே நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. ‘சொப்பிஃபை’ என இன்று உலகெங்கும் வழங்கும் மென்பொருள் 2004ஆம் ஆண்டிலே கனடாவின் ஒட்டாவா நகரில் பனிச்சறுக்குப் பலகை விற்கத் தொடங்கிய சிலர், தம் கடைக்கு ஏற்றது கிடையாமையால் தாமே எழுதிக்கொண்டது. 2006இலேதான் பிறருக்கும் அதனைத் திறந்துவிட்டனர். கடை முன்னே வந்தது; மென்பொருள் பின்னே வந்தது. நம் பிள்ளைகள் அம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். ஒன்பது பொருளை விற்பதற்கு எளிய தளம் எதுவும் போதும். அது கைத்தொலைபேசியிலே விரைந்து திறத்தல் வேண்டும், அவ்வளவே. படங்களை முற்பகல் வெயில் படும் விறாந்தையிலே மருமகன் தன் தொலைபேசியாலேயே எடுக்கிறான். அளவு தெரியும் பொருட்டுப் பொருளின் அருகிலே ஒரு தேநீர்க் கோப்பையை வைக்கிறான். பெருந்தளங்களிலே விற்கலாமோ எனின், விற்கலாம். ஆனால் அங்கே வாடிக்கையாளர் தளத்தாருக்கு உரியவரேயன்றி உமக்குரியவரல்லர். எம் கடையிலே வாங்கியவரின் பெயரும் முகவரியும் எங்கள் கையேட்டிலே இருக்கின்றன. அவற்றைப் பிறர்க்குக் கொடுப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிடினும் கொடுத்திருக்க மாட்டோம்.

இனி, வெளிநாடுகளிலே வாழும் பழைய மாணவர்களாகிய உங்களை நோக்கி ஒரு குறையைச் சொல்லத் துணிகிறேன், பொறுத்தருளுக. இரண்டாங் கடை தொடங்கிய ஆண்டிலே என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் ஆறு உறை மிளகாய்த்தூள் வரவழைத்தார். அதன்பின் வாங்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்துக் கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்தபோது பேச்சுவாக்கிலே, ஆறு உறைகளுள் நான்கு வெடித்துப் பொதி முழுதும் தூளாகி வந்ததென்றார். ஏன் அப்பொழுதே சொல்லவில்லை என்று கேட்டேன். “பாவம், கஷ்டப்பட்டுச் செய்யிறியள் எண்டு சொல்லாமல் விட்டனான்” என்றார்.

அவர் நெஞ்சிலே இருந்தது அன்பு. அந்த அன்பினால் எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். உறையை வெப்பத்தால் ஒட்டும் கருவி அக்காலத்திலே பழுதுபட்டிருந்தது. ஒட்டு ஒட்டியது போலவே தோன்றும். பாரம் ஏறினால் பிரியும். அவர் ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே கண்டுபிடித்திருப்போம். எவரும் எழுதவில்லை. அடுத்த நான்கு மாதங்களில் அனுப்பிய பொதிகள் எத்தனை அவ்வாறு போய்ச் சேர்ந்தன என்பதை இன்றுவரை அறியோம். அம்மாதங்களில் வாங்கியோர் பெயர்கள் கையேட்டிலே உள்ளன. அவர்களுள் மீண்டும் வாங்கியவர் இருவரே. திருவிழா முடிந்த வாரத்திலே தங்கை அம்முகவரிகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். காசைத் திருப்புவதாகவும் எழுதினாள். பெரும்பாலோர் காசு வேண்டாமென்றனர். எழுவர் மறுபடியும் வாங்கினர். 1875ஆம் ஆண்டிலேயே சிக்காக்கோவின் தபால்வழி வணிகராகிய மொன்ற்கோமரி வாட், மனநிறைவில்லையேல் காசு திருப்பப்படும் என்று தம் பொருட்பட்டியலிலே அச்சிட்டார் என்பர். அந்த வாசகம் எங்கள் கடையிலே இப்பொழுது இருக்கிறது. முதலிலேயே இருந்திருந்தால் என் நண்பர் வாய் திறந்திருப்பாரோ என்னவோ.

இரக்கத்தால் ஒருமுறை வாங்கி, இரக்கத்தால் மௌனமாகி, பின்னர் மறந்துவிடும் பழைய மாணவரினும், வாங்கிக் கடிந்து எழுதி மறுமுறையும் வாங்குபவரே எம் இளைஞர்க்கு வேண்டியவர். ‘ஊரவரை ஆதரியுங்கள்’ என்று முகப்பிலே எழுதும் இளைஞர்க்கும் இதனையே சொல்வேன். அவ்வாசகத்தைக் கண்டு வருபவர் உமக்கு உதவ வந்தவர். உதவ வந்தவர் பொருளிற் குறை கண்டால் சொல்ல நாணுவார். உமது தூளுக்காக வருபவர் நாணார்.

விழாவை முன்னிட்டுக் கல்லூரி வாயிலிலே வளைவொன்று எழுப்பப் பணம் திரட்டப்படுவதாக அறிகிறேன். வளைவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதனோடு வர்த்தகப் பிரிவு மாணாக்கர் பதின்மரைத் தெரிந்து, ஊரிலே கைத்தொழில் செய்யும் குடும்பங்கள் ஐந்துக்கு அவர்கள் கடை அமைத்துக் கொடுக்க ஓராண்டுக்கு வேண்டிய சிறு செலவையும் சங்கத்தார் ஏற்கலாகாதா? கணக்கை வர்த்தக ஆசிரியர் பார்க்கட்டும். பொருள் விவரணத்தை நான் பார்க்கிறேன். முதற் பொதிகளை நீங்கள் வாங்குங்கள். வாங்கியபின் உறை எப்படி வந்தது, சுவை எப்படி இருந்தது, பெட்டியின் மூடி பொருந்துகிறதா என்று ஒளிக்காது எழுதுங்கள். மாணாக்கர் அக்கடிதங்களுக்கு விடை எழுதப் பழகட்டும். சென்ற தவணையிலே பதினோராம் வகுப்பினருக்குக் கடிதம் எழுதும் பயிற்சியாக, பொருள் பழுதுற்ற வாடிக்கையாளருக்கு விடை வரையுமாறு பணித்தேன். முப்பத்திருவரில் இருபத்தொன்பதின்மர் தூதஞ்சற்காரர்மீது பழியைப் போட்டிருந்தனர்.

தங்கையின் கடையிலே இப்பொழுது பதினாலு பொருள்கள் உள்ளன. பெட்டி இழைக்கும் பெண்கள் இருவராயிருந்தது ஐவராயிற்று. மாரிகாலத்திலே ஓலை காயாது. பதமாகாத ஓலையில் இழைத்த பெட்டி போய்ச் சேருமுன் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெட்டிகளுக்குக் கட்டளை ஏற்பதில்லை என்று முகப்பிலே எழுதி வைத்திருக்கிறோம். நத்தார்ப் பரிசாக அனுப்ப விரும்புவோர் ஐப்பசிக்கு முன்னர் எழுதுக.